மலையூர்க் கல்லூரியில் மாதிரி சார்க் அமைச்சர்கள் கூட்டம்: முதன்முறை நடத்துவோருக்கு

மாதிரி ஐ.நா. சபை நடத்தக் கையேடுகள் எக்கச்சக்கம். ஆனால் தெற்காசிய நாடுகளின் சார்க், வங்காள விரிகுடாவை ஒட்டிய நாடுகளின் பிம்ஸ்டெக் போன்ற வட்டார அமைப்புகளின் வெளியுறவு அமைச்சர்கள் கூட்டத்தை மாணவர்களை வைத்து நடத்திப் பார்க்கலாம் என்று இறங்கினால், தமிழில் உருப்படியாக ஒரு தாள்கூட அகப்படாது. நீலகிரியில் இதை நடத்தித் தவித்ததில் கிடைத்ததை எல்லாம் கீழே எழுதியிருக்கிறேன். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு அப்படியே பொருந்தும். கொடைக்கானல்காரர்கள் பருவத்தையும் பேருந்து நேரத்தையும் மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் பிள்ளைகளுக்கு மேடை என்றால் பட்டிமன்றம்தான். இரண்டு அணி, நடுவர், கைதட்டல், கடைசியில் தீர்ப்பு. அமைச்சர்கள் கூட்டத்தில் இவற்றில் எதுவுமே கிடையாது. அங்கே பேச்சு குறைவு, தாள் அதிகம். அமைச்சர் வந்து உட்காருவதற்கு முன்பே முக்கால்வாசி வேலை முடிந்திருக்கும். இதை மாணவர்களுக்குப் புரியவைப்பதற்குத்தான் உங்கள் உழைப்பில் பாதி போகும்.

1. எந்த அமைப்பு என்று முடிவு செய்யுங்கள்

கைக்கு எட்டுவது மூன்று. சார்க் அமைப்பில் 8 நாடுகள், பிம்ஸ்டெக்கில் 7, இந்தியப் பெருங்கடல் விளிம்பு நாடுகள் சங்கத்தில் 23. மூன்றாவதை இப்போதே மறந்துவிடுங்கள். 23 நாடுகளுக்கு ஆள் பிடிக்கவே ஒரு பருவம் ஓடிவிடும்.

முதல்முறை என்றால் சார்க் போதும். 1985 டிசம்பர் 8 அன்று டாக்காவில் கையெழுத்தான அதன் சாசனத்தில் மொத்தம் 10 உறுப்புரைகள்தான். சில பக்கங்களில் அடங்கிவிடும், ஒரே வகுப்பில் படித்து முடிக்கலாம். “2014-க்குப் பிறகு உச்சி மாநாடே நடக்காத அமைப்பை எதற்கு சார் எடுக்கிறீங்க?” என்று ஒரு மாணவர் கட்டாயம் கேட்பார். அடுத்த மாநாடு 2016-இல் இஸ்லாமாபாத்தில் நடக்க வேண்டியது, நடக்கவில்லை. ஒரு நாடு வரவில்லை என்றாலே மொத்தமும் நின்றுபோகும் அமைப்பு எப்படி இயங்குகிறது என்று கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

இயங்கிக்கொண்டிருக்கும் அமைப்புதான் வேண்டும் என்றால் பிம்ஸ்டெக். அதன் சாசனம் 2022 மார்ச் 30 அன்று கையெழுத்தாகி, 2024 மே 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் மியான்மர், தாய்லாந்து தரப்புகளைத் தயார்செய்யத் தமிழில் படிக்கக் கிடைப்பது சொற்பம். இரண்டாவது ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

2. படிநிலைகளைக் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள்

சார்க் அமைப்பின் உச்சியில் நாட்டுத் தலைவர்கள் மாநாடு. அதற்குக் கீழே வெளியுறவு அமைச்சர்கள் அடங்கிய அமைச்சர்கள் அவை. அதற்கும் கீழே வெளியுறவுச் செயலர்கள் அடங்கிய நிலைக்குழு. அடியில், திட்டங்களையும் செலவுக் கணக்கையும் பார்க்கும் மூத்த அதிகாரிகளின் குழு. இவர்கள் எல்லோருக்கும் தாள் தயாரித்துக் கொடுப்பது காத்மாண்டுவில் இருக்கும் செயலகம்.

கூட்டம் கீழிருந்து மேலே போகும். 2014 நவம்பர் காத்மாண்டு மாநாட்டில் முதலில் அதிகாரிகள் குழு கூடியது, பிறகு செயலர்கள், 25-ஆம் தேதி அமைச்சர்கள், 26, 27 தேதிகளில் தலைவர்கள். அமைச்சர்களுக்குக் கிடைத்தது ஒரே நாள். கீழே தீராத சிக்கல் மட்டும்தான் மேலே போகும். உங்கள் நிகழ்ச்சியும் இதே வரிசையில் இருக்கட்டும். “நேரமில்லை, நேரா அமைச்சர்கள் கூட்டத்தையே வெச்சிடலாம்” என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அன்று உங்களுக்கு எட்டு சொற்பொழிவுகள்தான் மிஞ்சும்.

ஒரு சிறு எச்சரிக்கை. அமைச்சர்கள் அவை ஆண்டுக்கு இருமுறை கூடும் என்று சாசனம் சொல்கிறது. 2014 மாநாட்டின் காத்மாண்டு பிரகடனம் அதை ஆண்டுக்கு ஒருமுறை என்று மாற்றியது. வினாடி வினா வைத்தால் எதைக் கேட்கிறீர்கள் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

3. பத்தாம் உறுப்புரையை மனப்பாடம் செய்யவையுங்கள்

அதில் இருப்பது இரண்டே விதி. எல்லா நிலைகளிலும் முடிவு ஒருமனதாக இருக்க வேண்டும். இருதரப்புப் பிரச்சினைகளும் சர்ச்சைக்குரியவையும் விவாதத்துக்கு வரக் கூடாது.

இரண்டாவது விதியில்தான் நம் ஊர்க் கூட்டங்கள் சறுக்கும். இந்தியாவாக உட்காரும் தமிழ்ப் பிள்ளை முதல் ஐந்து நிமிடத்தில் கச்சத்தீவை எடுக்கும். அடுத்தது மீனவர் கைது. நீலகிரியில் இன்னொன்றும் உண்டு. 1964-இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்த தாயகம் திரும்பியோர் குடும்பங்களின் பிள்ளைகள் உங்கள் வகுப்பிலேயே இருப்பார்கள். டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டங்களின் லைன் வீடுகளில் தாத்தா பாட்டியிடம் கதை கேட்டு வளர்ந்தவர்கள். அவர்கள் அந்தக் கதையை மேசைக்குக் கொண்டுவர நினைப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் அது இரு நாட்டு விவகாரம், இந்த மேசையில் அதற்கு இடமில்லை. தலைமை வகிப்பவர் மென்மையாகத் தடுத்தாக வேண்டும்.

வாயை மூடு என்று சொல்லி விட்டுவிடாதீர்கள், மாற்று வழி இருக்கிறது. உண்மையான கூட்டங்களிலும் அமைச்சர்கள் இடைவேளையில் இருவர் இருவராகத் தனி அறைக்குப் போய் இருதரப்புச் சந்திப்பு நடத்துவார்கள். பல சமயம் செய்தியாளர்கள் காத்திருப்பதே அதற்குத்தான். உங்கள் அட்டவணையில் அரை மணி நேரம் இதற்கென்று ஒதுக்குங்கள். மீனவர் பிரச்சினையை அங்கே பேசட்டும், இரண்டு வரிக் குறிப்பு எழுதிக் கொடுக்கட்டும்.

ஒருமனது என்பதையும் செய்து காட்டித்தான் புரியவைக்க முடியும். “ஆதரிப்பவர்கள் கை தூக்குங்கள்” என்று தலைமை கேட்கவே கூடாது. “யாருக்காவது மறுப்பு உண்டா?” என்று கேட்டு, மூன்று நொடி காத்திருந்து, மேசையைத் தட்ட வேண்டும். அந்த மூன்று நொடியில் ஒரு நாடு பெயர்ப்பலகையைத் தூக்கினால் ஏழு நாடுகளின் சம்மதத்துக்கு மதிப்பில்லை.

4. பேசுபொருள் ஒன்றே ஒன்று

என் பரிந்துரை, மண்சரிவு மற்றும் பெருமழை முன்னெச்சரிக்கையில் ஒத்துழைப்பு. நம் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். 2009 நவம்பர் மண்சரிவை வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது பலருக்கு நினைவிருக்கும். எட்டு நாடுகளில் மாலத்தீவு தவிர மற்ற எல்லாவற்றிலும் மலை உண்டு. மாலத்தீவுக்குக் கடல் மட்ட உயர்வைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கும் வேலை இருக்கிறது.

இழுபறிக்கும் இதில் குறைவில்லை. சார்க் பேரிடர் மேலாண்மை மையம் குஜராத்தின் காந்திநகரில் இருக்கிறது. தரவு எல்லாம் அங்கே போக வேண்டுமா, ஒவ்வொரு நாட்டிலும் தனி மையம் வேண்டுமா என்ற கேள்வி தானாகவே எழும். 2014-இல் சார்க் செயற்கைக்கோள் என்று இந்தியா முன்மொழிந்த திட்டத்திலிருந்து பாகிஸ்தான் விலகியது. 2017 மே 5 அன்று அது தெற்காசியச் செயற்கைக்கோள் என்ற பெயரில்தான் விண்ணுக்குப் போனது. இந்த ஒரு செய்தி போதும், இரண்டு மேசைகளுக்கு நாள் முழுக்க வேலை வந்துவிடும்.

தேயிலையை எடுக்கலாமே என்று தோன்றும். இந்தியா, இலங்கை, வங்கதேசம், நேபாளம் நான்கும் விளைவிப்பவை, பாகிஸ்தான் பெரிய இறக்குமதியாளர். நல்ல பொருள்தான். ஆனால் பச்சைத் தேயிலை விலை என்று ஆரம்பித்தால் கோத்தகிரிப் பிள்ளைகள் சார்க்கை மறந்துவிட்டு வீட்டுக் கணக்கைப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். விவசாயக் குடும்பத்தில் அது கூட்டப் பொருள் இல்லை, வயிற்றுப் பிரச்சினை.

5. ஆட்களும் தாள்களும்

நாட்டுக்கு மூன்று பேர்: அமைச்சர், வெளியுறவுச் செயலர், வரைவு எழுதும் அதிகாரி. எட்டு நாடுகளுக்கு 24 பேர். செயலகத்துக்கு நான்கு பேர், அவர்களில் ஒருவர் பொதுச்செயலர். நன்றாகப் பேசுகிறவரை அமைச்சராகவும் பொறுமையாக எழுதுகிறவரை அதிகாரியாகவும் போடுங்கள். வழக்கமாக எல்லோரும் அமைச்சர் பதவிக்குத்தான் மோதுவார்கள். முதல் நாள் காலை முழுக்கப் பேசப்போவது அதிகாரிதான் என்று சொல்லிப் பாருங்கள், பாதிப் பேர் மாறிவிடுவார்கள்.

ஆசிரியர் ஒருவர் ‘தலைநகர்’ ஆக, அதாவது எட்டு நாடுகளுக்கும் கட்டளை தரும் அரசாக, ஆசிரியர் அறையில் உட்கார வேண்டும். அதிகாரிகளால் தாங்களாகவே விட்டுக்கொடுக்க முடியாத இடம் வரும்போது சீட்டு எழுதி அவருக்கு அனுப்புவார்கள். அவர் உடனே பதில் சொல்லக் கூடாது, கால் மணி நேரமாவது இழுத்தடிக்க வேண்டும். நிஜத்திலும் அப்படித்தான்.

தாள்களும் அவற்றின் கெடுவும் இப்படி இருக்கட்டும்.

ஆறு வாரம் முன்பு: முதல்வருக்கு அனுமதிக் கடிதம். அதில் ‘மாதிரி’, ‘பாடப் பயிற்சி’ என்ற இரண்டு சொற்களும் கட்டாயம் இருக்க வேண்டும். கடிதத்தின் நகலில் தேதியும் கையொப்பமும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நான்கு வாரம் முன்பு: ஒவ்வொரு நாட்டுக் குழுவும் தன் பெயர்ப்பட்டியலைச் செயலகத்திடம் தர வேண்டும். நிஜக் கூட்டங்களில் பட்டியலில் இல்லாதவர் உள்ளே வர முடியாது. இங்கேயும் அப்படியே. நண்பனைப் பார்க்க வந்தேன் என்று பின்வரிசையில் வந்து உட்காருபவர்களால்தான் அரங்கம் கெடும்.

மூன்று வாரம் முன்பு: தற்காலிக நிகழ்ச்சி நிரல், ஒவ்வொரு பொருளுக்கும் நான்கு வரி விளக்கத்துடன். கூடவே நாட்டுக்கு ஒரு ரகசியச் சீட்டு. பெற்றே ஆக வேண்டியது ஒன்று, விட்டுக்கொடுக்கவே கூடாதது ஒன்று. இவை பயிற்சிக்காக நாம் எழுதியவை, அந்த நாட்டின் அதிகாரப்பூர்வ நிலைப்பாடு அல்ல என்று சீட்டிலேயே குறிப்பிடுங்கள்.

இரண்டு வாரம் முன்பு: அமைச்சர்கள் கடைசியில் ஏற்க வேண்டிய அறிக்கைக்குச் செயலகம் எழுதிய வரைவு, அதிகபட்சம் நான்கு பக்கம். பத்திகளுக்கு எண் போடாமல் அச்சுக்குக் கொடுக்காதீர்கள். எண் இல்லாவிட்டால் “அந்த மூணாவது பாராவுல, இல்ல, அதுக்கு மேல” என்றே ஒரு மணி நேரம் போய்விடும்.

எல்லாவற்றையும் அச்சடித்துக் கையில் வைத்திருங்கள். பனிமூட்ட நாளில் மின்சாரமும் இணையமும் சேர்ந்தே போகும், அப்போது கூகுள் டாக்ஸ் கைகொடுக்காது.

6. கொடி, வரைபடம், நாற்காலி

கவனமாகப் படிக்க வேண்டியது இந்தப் பகுதிதான்.

கொடியே வேண்டாம் என்பது என் முடிவு. மேசைக்கு மேசை பெயர்ப்பலகை போதும். முதல் காரணம், ஆப்கானிஸ்தான். தலிபான் கொடியோ பழைய அரசின் கொடியோ, எதை வைத்தாலும் ஒரு தரப்பை அங்கீகரித்த மாதிரி ஆகும். 2021 செப்டம்பரில் ஐ.நா. பொதுச்சபையை ஒட்டி நியூயார்க்கில் நடக்க வேண்டிய சார்க் அமைச்சர்கள் கூட்டம், ஆப்கானிஸ்தான் நாற்காலியில் யார் என்ற சிக்கலில்தான் ரத்தானது. இரண்டாவது காரணம், பாகிஸ்தான் கொடியைக் கல்லூரி வாசலில் யாராவது படமெடுத்து, விளக்கம் எதுவும் இல்லாமல் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டால் மறுநாள் யார் யாருக்கோ பதில் சொல்ல வேண்டிவரும். மூன்றாவது சின்னக் காரணம், நேபாளக் கொடி செவ்வகம் இல்லை. அச்சுக்கடையில் அதை இழுத்துச் செவ்வகமாக்கிக் கையில் கொடுப்பார்கள்.

கொடி வைத்தே தீர வேண்டும் என்று நிர்வாகம் சொன்னால், இந்தியக் கொடி விதித்தொகுப்பின்படி வையுங்கள். எல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டும். நேர்வரிசையில் மூவர்ணக்கொடி வலது ஓரத்தில், அதாவது பார்வையாளருக்கு இடது ஓரத்தில் நிற்க வேண்டும். மற்றவை நாட்டின் ஆங்கிலப் பெயரின் அகரவரிசையில் தொடரும். காகிதக் கொடிகளை நிகழ்ச்சி முடிந்ததும் தரையில் விட்டுவிட்டுப் போகக் கூடாது. நல்லெண்ணத்துக்காக உள்ளூர்க் காவல் நிலையத்துக்கும் ஒரு தகவல் கடிதம் கொடுத்துவிடுங்கள்.

வரைபடத்தில் இன்னும் கவனம். இணையத்தில் எடுக்கும் தெற்காசியப் படங்களில் காஷ்மீர் எல்லை விதவிதமாக இருக்கும். இந்தியாவின் எல்லையைத் தவறாகக் காட்டி வெளியிடுவது சட்டப்படி குற்றம். சர்வே ஆஃப் இந்தியா படம் கிடைத்தால் ஒட்டுங்கள், இல்லையென்றால் சுவர் வெறுமையாகவே இருக்கட்டும்.

நாற்காலி வரிசை ஆங்கில அகரவரிசையில்தான்: ஆப்கானிஸ்தான், வங்கதேசம், பூடான், இந்தியா, மாலத்தீவு, நேபாளம், பாகிஸ்தான், இலங்கை. தலைமை நாட்டின் அமைச்சர் மேசைத் தலைப்பில், பக்கத்தில் பொதுச்செயலர். அந்த நாட்டின் வழக்கமான இருக்கை காலியாக இருக்கக் கூடாது, அங்கே அதன் வெளியுறவுச் செயலர் உட்காரட்டும். தலைமை தன் நாட்டுக்காகப் பேசாது, அந்தச் செயலர்தான் பேச வேண்டும். நேபாளத்துக்குத் தலைமை கொடுங்கள். இந்தியாவுக்குக் கொடுத்தால் மாணவர்கள் விட்டுக்கொடுக்கவே மாட்டார்கள்.

7. செலவு

அடுத்தடுத்த இரண்டு சனிக்கிழமைகள், அதாவது இரண்டு நாள், 35 பேர் என்று கணக்குப் போடுங்கள். தேநீர், மதியச் சாப்பாடு ஆளுக்கு 120 ரூபாய் வீதம் இரண்டு நாளுக்கு 8,400. நகலெடுக்க 800. துணிப் பதாகை 800. சான்றிதழ் 600. வெளியூர் நடுநிலைப் பார்வையாளர் ஒருவரின் பயணச் செலவு 2,000. மொத்தம் 13,000 ரூபாய்க்குள் முடியும். பெயர்ப்பலகைக்குக் காசு வேண்டாம், அட்டையை மூன்றாக மடித்து மார்க்கரில் எழுதினால் போதும்.

தண்ணீர் பாட்டில் வாங்கிக் குவிக்காதீர்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருக்கிறது, சோதனையும் உண்டு. எவர்சில்வர் டம்ளரும் ஒரு பெரிய டிரம் வெந்நீரும் போதும். குளிரில் அதைத்தான் எல்லோரும் தேடுவார்கள்.

8. நாளும் சாலையும்

ஜனவரி கடைசி வாரம் முதல் பிப்ரவரி பாதி வரை சரியான காலம். ஏப்ரல், மே மாதங்களில் சீசன் நெரிசல். ஜூன் முதல் கூடலூர், பந்தலூர் பக்கம் மழை. அக்டோபர், நவம்பரில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் மண் சரியும், ஆட்சியர் விடுமுறை விட்டால் எல்லாம் போச்சு. பிப்ரவரியில் காலை உறைபனி இருக்கும், அதனால் 10.30-க்கு முன் தொடங்காதீர்கள்.

மாலை 3.45-க்கு முடித்தாக வேண்டும். கூடலூர்ப் பிள்ளைகளுக்கும் உள்கிராமத்துப் பிள்ளைகளுக்கும் பேருந்தை விட்டால் வழியில்லை. அவசரத்தில் பாதிப் பேர் எழுந்துபோன பிறகு ஒருமனதான முடிவு எப்படி எடுப்பீர்கள்?

கோவையிலிருந்தோ சமவெளியின் வேறு ஊர்களிலிருந்தோ விருந்தினர் சொந்தக் காரில் வருகிறார் என்றால் இ-பாஸ் வேண்டும். உயர்நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இந்த நடைமுறை இருக்கிறது. கட்டணம் கிடையாது. அழைப்பிதழ் அனுப்பும்போதே இணைப்பையும் அனுப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் மலையடிவாரச் சோதனைச் சாவடியிலிருந்து போன் வரும். அரசுப் பேருந்தில் வந்தால் இந்தத் தொல்லை இல்லை, உள்ளூர் வண்டிக்கும் தேவையில்லை.

9. முதல் சனிக்கிழமை: அதிகாரிகளும் செயலர்களும்

அமைச்சர்கள் அன்று வேடிக்கை பார்க்கலாம், வாய் திறக்கக் கூடாது. காலையில் அதிகாரிகள் வரைவைப் பத்தி பத்தியாகப் படிப்பார்கள். ஒப்புக்கொண்ட பத்தியின் ஓரத்தில் செயலகம் ‘சரி’ என்று எழுதும். ஒப்பாத சொற்களைச் சதுர அடைப்புக்குள் போட்டு, கேட்ட நாட்டின் பெயரைக் குறிக்கும். முடிந்த பத்தியை மறுபடி திறக்க விடாதீர்கள், ஒன்றைத் திறந்தால் அத்தனையும் திறக்கும்.

மதியம் செயலர்கள் கூடி அடைப்புகளைக் குறைப்பார்கள். மூன்று நான்கு அடைப்புகள் மிஞ்சினால் நல்லது. ஒன்றுகூட மிஞ்சாவிட்டால் ரகசியச் சீட்டுகளில் காரம் போதவில்லை என்று அர்த்தம், நடுவாரத்தில் ‘தலைநகர்’ புதிய கட்டளை அனுப்பட்டும்.

இரண்டு சனிக்கிழமைக்கும் நடுவே அந்த ஒரு வாரம் அவசியம். திங்கள் முதல் வெள்ளி வரை கேன்டீனிலும் பேருந்து நிறுத்தத்திலும் பேரம் நடக்கும். நிகழ்ச்சியிலேயே எனக்குப் பிடித்தது அதுதான்.

10. இரண்டாம் சனிக்கிழமை: அமைச்சர்கள்

10.30-க்குத் தொடக்கம், நிகழ்ச்சி நிரலை ஏற்றல். 10.45 முதல் நாட்டு அறிக்கைகள், ஆளுக்கு நான்கு நிமிடம், எழுதியதை வாசிக்க மட்டும். திருக்குறள் ஒன்று போதும், இரண்டாவதுக்கு மணி அடியுங்கள். 11.30 முதல் 12 வரை தேநீரும் இருதரப்புச் சந்திப்புகளும். அதன்பின் நிலைக்குழுவின் அறிக்கை, மிஞ்சிய அடைப்புகள். 1 மணிக்குச் சாப்பாடு. 2 மணிக்கு மீண்டும் கூடல், 3 மணிக்கு ஏற்பு, 3.30-க்கு மாணவச் செய்தியாளர்களின் கேள்விகள்.

சாப்பாட்டுக்கு முன் முடிச்சு அவிழாவிட்டால் பதறாதீர்கள். தலைமை நாட்டு அமைச்சர் மற்ற ஏழு அமைச்சர்களை மட்டும் தனியே கூட்டிக்கொண்டு போகட்டும். தாளும் உதவியாளரும் கூடவே போகக் கூடாது, புல்வெளியோ மாடியோ போதும். இதற்கு ரிட்ரீட் என்று பெயர். பிம்ஸ்டெக் வெளியுறவு அமைச்சர்கள் 2023 ஜூலையில் பாங்காக்கிலும் 2024 ஜூலையில் டெல்லியிலும் இப்படித்தான் கூடினார்கள். 2014-இல் காத்மாண்டுவில் தயாராக இருந்த மூன்று ஒப்பந்தங்களும் பாகிஸ்தானின் தயக்கத்தால் நின்றன. கடைசி நாள் தலைவர்கள் துலிக்கேல் என்ற மலையூருக்குப் போய்த் திரும்பிய பிறகு மின்சார ஒப்பந்தம் மட்டும் கையெழுத்தானது. சாலைப் போக்குவரத்து ஒப்பந்தத்தை அடுத்த ஆண்டு ஜூன் 15 அன்று வங்கதேசம், பூடான், இந்தியா, நேபாளம் நான்கும் திம்புவில் தனியாகச் செய்துகொண்டன.

3 மணிக்கும் அடைப்பு தீரவில்லையென்றால் வாக்கெடுப்புக்கு இறங்காதீர்கள். அந்தப் பத்தியை எடுத்துவிட்டு, “இது குறித்து நிலைக்குழு தொடர்ந்து ஆராயும்” என்று ஒரு வரி எழுதி ஏற்றுக்கொள்ளுங்கள். பார்க்க வந்தவர்களுக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். சில நாடுகள் கோபத்தோடு எழுந்தாலும் எழட்டும்.

11. முடிந்த பிறகு

ஏற்கப்பட்ட அறிக்கையை ஒரு வாரத்துக்குள் சுத்தமாகத் தட்டச்சு செய்து எட்டு நாட்டுக் குழுக்களுக்கும் நூலகத்துக்கும் ஒவ்வொரு பிரதி கொடுங்கள். அடுத்த ஆண்டுக் குழு அங்கிருந்துதான் தொடங்கும். சார்க் இலச்சினையைச் சான்றிதழில் அச்சிட வேண்டாம். ‘மாதிரி’ என்ற சொல் கல்லூரிப் பெயருக்குப் பக்கத்திலேயே, அதே எழுத்தளவில் இருக்கட்டும்.